தேடும் வேலையை அவனிடம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. நான்கு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. பகல் முழுக்கத் தூங்குகிறான், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான். நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. அப்பா சோம்பேறித்தனம் என்கிறார், அம்மா அழுகிறார். ஒரு கவுன்சிலரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னார், அதிலிருந்து "இனி யாரிடமும் வரமாட்டேன்" என்கிறான். வேறு இரண்டு இடங்களில் கேட்டேன், ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்க வேண்டுமாம். ஹெல்ப்லைன் எண்கள், ஆதரவுக் குழுக்கள் என்று பெரிய பட்டியலே தயார் செய்து அவனுக்கு அனுப்பினேன், திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறேன். யாரைப் பார்ப்பது, அதுவரை என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய வரிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் நின்றுவிட்டது "திறந்துகூடப் பார்க்கவில்லை" என்ற இடத்தில்தான், ஏனென்றால் அந்தப் பட்டியல் தப்பை நான் சம்பளம் வாங்கிக்கொண்டே செய்திருக்கிறேன். மனநல சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். அவனுக்குத் தேவையான சேவை எங்களிடம் இல்லை. ஒரு தாளில் ஐந்து இடங்களின் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, "இதில் எதற்கு வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள்" என்று கொடுத்து அனுப்பினேன். வேலை ஒழுங்காக முடிந்த திருப்திகூட இருந்தது. இரண்டு மாதம் கழித்து அதே அம்மா வந்தார், பையன் முன்பைவிட மோசம். பர்ஸிலிருந்து என் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். நான் மடித்துக் கொடுத்த அதே மடிப்பு, ஓரம் மட்டும் அழுக்கேறியிருந்தது. "எதுக்கு முதல்ல போன் பண்றதுன்னு தெரியலைங்க" என்றார். அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் பட்டியல் கொடுப்பதில்லை. அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே நானே போன் போட்டு, நாளும் நேரமும் வாங்கி, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

மனச்சோர்வில் சிரிப்பு போவதற்கு முன்பே முடிவெடுக்கும் தெம்பு போய்விடும். பல் தேய்ப்பதா வேண்டாமா என்பதே பெரிய தீர்மானமாக இருக்கிற ஒருவனிடம் பதினைந்து போன் எண்களைக் கொடுத்து "தேர்ந்தெடு" என்றால் அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பான், அதில் அலட்சியம் எதுவும் இல்லை. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தேடுவது, விசாரிப்பது, வரிசையில் பெயர் கொடுப்பது, போக்குவரத்தைப் பார்ப்பது எல்லாம் உங்களுடையது, போவதா வேண்டாமா என்பது மட்டும் அவனுடையது. அவனிடம் போய்ச் சேரும்போது இரண்டே இரண்டு தேர்வுகள் இருக்கட்டும், "இவரா, அவரா" என்ற அளவில்.

சரி, தேடலுக்கு முன்னால் ஒரு கேள்வி. அவனுக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை கேட்கப் பயமாக இருந்திருக்கும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை, இது ஆராய்ந்து பார்த்த விஷயம். கேட்டால் பெரும்பாலும் சுமைதான் குறைகிறது. சுற்றி வளைக்காமல் "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்றே கேளுங்கள். "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலைத்தான் அவனிடமிருந்து பிடுங்குகிறீர்கள். ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாமல், திட்டாமல், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறது என்றால் ஆறு வார வரிசையெல்லாம் கிடையாது, அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவு, அதுவரை அவன் தனியாக இருக்கக் கூடாது, வீட்டில் இருக்கும் மருந்து மாத்திரைகள், ஆபத்தான பொருட்கள் அவன் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது, எல்லாரும் சேர்ந்து தனக்கு எதிராக ஏதோ செய்கிறார்கள் என்பது போலப் பேசினாலும் காத்திருக்காதீர்கள். அந்த வகை நோயில் சிகிச்சை தாமதமாகத் தாமதமாக மீண்டு வருவதும் கடினமாகும். நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

இவை இரண்டும் இல்லை என்றால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு தேடலாம்.

அந்தக் கவுன்சிலர் விஷயம். ஒரு மணி நேரம் அறிவுரை சொன்னவர் கவுன்சிலிங் செய்யவில்லை, அப்பா வீட்டில் இலவசமாகச் செய்வதையே காசு வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார். இதைத் தம்பியிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்: "அங்க நடந்தது சரியில்லை, உன்மேல தப்பில்லை, ஆளை மாத்தலாம்." இந்த ஒரு வாக்கியம் நிறைய வேலை செய்யும், ஏனென்றால் முதல் ஆள் சரியில்லாமல் போனால் இந்த வயதில் அவர்கள் எடுக்கும் முடிவு "இவர் சரியில்லை" என்பதில்லை, "எனக்கு எதுவும் உதவாது" என்பதுதான்.

யார் யார் என்ன செய்வார்கள் என்ற குழப்பமும் எல்லாருக்கும் உண்டு. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்தவர், நோயைக் கணித்து மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் சிகிச்சை தருவார், பெரும்பாலான நாடுகளில் மருந்து எழுத மாட்டார். கவுன்சிலர் என்ற பெயர்தான் வழுக்கும், பல இடங்களில் யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம், அதனால் என்ன படித்தீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். என்னைப் போன்ற சமூகப் பணியாளர்கள் குடும்பம், படிப்பு, வேலை, உதவித்தொகை, மற்ற சேவைகள் எல்லாவற்றையும் நோயாளியோடு இணைத்துக் கட்டுகிற ஆட்கள். எந்த மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருக்கிறாரோ அங்கே முதலில் அவரைப் பிடியுங்கள், வழி அவருக்குத் தெரிந்திருக்கும். (சொந்தத் தொழிலுக்கு விளம்பரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.)

ஆனால் உங்கள் தம்பிக்கு நான் சொல்லும் முதல் கதவு மனநலக் கதவே இல்லை. வழக்கமாகப் போகும் பொது மருத்துவரிடம் போங்கள். காரணம் இரண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, சில சத்துக் குறைபாடுகள், போதைப் பொருள் பழக்கம் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், ரத்தப் பரிசோதனை செய்து அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, "தூக்கம் தாறுமாறா இருக்கு, உடம்பைக் காட்டிட்டு வரலாம்" என்றால் அவன் வருவான். இது ஏமாற்று வேலை இல்லை, அவன் தூக்கம் உண்மையிலேயே தாறுமாறாகத்தான் இருக்கிறது. மருத்துவரிடம் மட்டும் முன்கூட்டியே எல்லாவற்றையும் அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறான், சாப்பாடு, குளியல், முன்பு பிடித்திருந்து இப்போது விட்டுவிட்டவை, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா. அப்படிக் கொண்டுவருகிறவர்களைக் கண்டால் எங்களுக்கே தெம்பு வரும், பாதி நேரம் மிச்சமாகும். மனநல மருத்துவரின் வரிசையில் முன்னே போவதற்கும் சில இடங்களில் இந்தப் பொது மருத்துவரின் கடிதம்தான் உதவும்.

அடுத்தது கல்லூரி. நிறையக் கல்லூரிகளில் மாணவர்களுக்கென்று ஆலோசகர் இருப்பார், அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் மட்டும் வாழும். போன் செய்து கேளுங்கள். ஆலோசகர் கிடைக்காவிட்டாலும் மருத்துவக் காரணத்துக்காக விடுப்பு, தேர்வைத் தள்ளிப்போடுவது, ஒரு பருவம் நிறுத்திவைப்பது இதற்கெல்லாம் என்ன வழி என்று விசாரித்து வையுங்கள். "எல்லாம் போச்சு, இனி எப்படித் திரும்பிப் போவது" என்ற பயம்தான் பல பேரைக் கட்டிலோடு கட்டிப்போடுகிறது. திரும்ப ஒரு கதவு திறந்திருக்கிறது என்று எழுத்தில் வந்தால் அதுவே பாதி மருந்து.

இளைஞர்களுக்கென்றே தனியாக மையங்கள் இருந்தால் அதை விடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஹெட்ஸ்பேஸ் என்று 2006-இல் தொடங்கினார்கள், 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்களுக்கு. மருத்துவரின் கடிதம் வேண்டாம், நேரே உள்ளே போகலாம், மனநலம், உடல்நலம், போதைப் பிரச்சினை, படிப்பு வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ். அயர்லாந்தில் ஜிக்சா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபவுண்ட்ரி, இவையும் அதே யோசனைதான். ஏன் தனியாக? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி மனநலப் பிரச்சினைகளில் பாதி 18 வயதுக்குள்ளேயே ஆரம்பித்துவிடுகின்றன, 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு பிரச்சினை இருக்கிறது. ஆனால் பெரும்பாலான அமைப்புகளில் குழந்தைகள் பிரிவு 18-இல் கதவைச் சாத்தும், பெரியவர்கள் பிரிவின் காத்திருப்பு அறையில் 50 வயதுக்காரர்களுக்கு நடுவே ஒரு 19 வயதுப் பையன் தொப்பியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த இடைவெளியில் விழுகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் பக்கம் இப்படி மையம் எதுவும் இல்லை என்றால், பெரிய மருத்துவமனையில் இளைஞர்களுக்கெனத் தனி நாள், தனி நேரம் இருக்கிறதா என்றாவது கேளுங்கள்.

போன் செய்யும்போது "அப்பாயின்ட்மென்ட் எப்போ கிடைக்கும்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா, முதல் சந்திப்பில் என்ன நடக்கும், யாராவது நேரத்தை ரத்து செய்தால் எங்களைக் கூப்பிடுவீர்களா (இப்படிக் கேட்டு வைத்தவர்களுக்கு எட்டு வாரம் பத்து நாளாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் முதல் நாள் இரவு போன் வரும், தயாராக இருங்கள்), கட்டணத்தில் சலுகை உண்டா, அவன் வரவில்லையென்றால் நாங்கள் மட்டும் வந்து பேசலாமா. இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பிள்ளை வர மறுத்தாலும் அம்மா அப்பா போகலாம், போய் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுக்கொண்டு வரலாம். பல குடும்பங்களில் பெற்றவர்கள் நான்கு முறை போய் வந்த பிறகு பிள்ளை தானாகக் கேட்டிருக்கிறது, "அங்க என்னதான் பேசறீங்க?"

இன்னொரு கேள்வி, அவன் சொல்வது ரகசியமாக இருக்குமா என்பது. ஒருமுறை ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அம்மாதான் பதில் சொன்னார், அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதுவரை. அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். இருபது நிமிடம் அந்தப் பெண் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள், நானும் சும்மாதான் இருந்தேன். அப்புறம் கேட்ட முதல் வாக்கியம்: "நான் சொன்னா அம்மாகிட்ட சொல்வீங்களா?" உன் உயிருக்கு ஆபத்து அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் சொல்ல வேண்டிவரும், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன், மற்றதெல்லாம் இந்த அறையோடு சரி என்றேன். அப்புறம்தான் பேனாவைக் கீழே வைத்தாள். தம்பி திரும்பி வந்ததும் "என்ன கேட்டார், நீ என்ன சொன்ன" என்று ஆரம்பிக்காதீர்கள், அம்மாவிடமும் அப்பாவிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 25 வயதுக்குக் கீழ் உள்ள சிலருக்கு ஆரம்பத்தில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடலாம் என்பதால் முதல் வாரங்களில் மருத்துவர் அடிக்கடி பார்க்க வேண்டும், வீட்டிலும் ஒரு கண் இருக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது.

இப்போது காத்திருக்கும் வாரங்கள். "நிபுணர் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது" என்று உட்கார்ந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய இழப்பு. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்கள் போன் செய்யலாம், நேரில் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் கூடியது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக உட்கார்ந்தார்கள். பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே மனம் லேசாகிக் கிளம்பிப் போனவர்கள் பலர். சில மாதங்களில் கேட்கும் வேலையை அவர் தொண்டர்களிடமே விட்டுவிட்டார், அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்து வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கச் சுகாதார மையங்களின் வெளியே மர பெஞ்சில் உட்காரவைத்தார். அவருடைய நோயாளி ஒருவர் மருத்துவமனைக்கு வரப் பேருந்துக்குக் காசில்லாமல் வர முடியாமலே இறந்துபோனதுதான் அவரை அப்படி யோசிக்க வைத்தது. அங்கே மனச்சோர்வுக்கு மக்கள் சொல்லும் வார்த்தைக்கு "அளவுக்கு மீறி யோசிப்பது" என்றுதான் அர்த்தம், நம்மவர்கள் "ரொம்ப யோசிக்கிறேன்" என்பார்களே, அதேதான். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பாட்டிகளிடம் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன, 2016-இல் வெளியானது. நான் இதைச் சொல்வது மருத்துவர் வேண்டாம் என்பதற்காக இல்லை. கேட்கத் தெரிந்த ஒரு ஆள் என்பதும் சிகிச்சையில் சேர்த்திதான் என்பதற்காக.

அப்படி ஒரு ஆள் அவனுக்கு யார்? அப்பா இல்லை, இப்போதைக்கு அம்மாவும் இல்லை. பழைய விளையாட்டுப் பயிற்சியாளர், பள்ளி ஆசிரியர், அதட்டாத ஒரு மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று யாராவது ஒருவர் இருப்பார். அவரிடம் "புத்தி சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், "வாரம் ஒருமுறை வந்து அவனோடு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை" என்று கேளுங்கள். நண்பர்களில் ஒருவனுக்கு நீங்களே போன் செய்யுங்கள், "அவன் எடுக்கலைன்னாலும் வாரத்துக்கு ஒரு மெசேஜ் போடு, பதில் எதிர்பார்க்காதே" என்று. இதே மாதிரி பிரச்சினையிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் சிறு குழுக்கள் இருந்தால் பிறகு சேரலாம், முதல் வாரமே தள்ளாதீர்கள். இணையக் குழு என்றால் அதை யார் கண்காணிக்கிறார்கள் என்று நீங்கள் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் வழிகளைப் பேசும் இடமாக இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். "ஏழு நாளில் மனச்சோர்வு குணம்" என்கிறவர்கள் பக்கமும்.

ஹெல்ப்லைனை முதலில் நீங்கள் கூப்பிடுங்கள். அது பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், இல்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களும் பேசலாம். எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் "நானே பேசிப் பார்த்தேன், அறிவுரை சொல்லலை" என்று அவனிடம் சொல்ல முடியும். பேசப் பிடிக்காதவர்களுக்கு மெசேஜில் உரையாடும் வசதி சில இடங்களில் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பையனுக்கு அதுதான் தோது.

தூக்கத்தைச் சரிசெய்ய ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் பிரயோஜனமில்லை, எழும் நேரத்தைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது மதியம் மூன்றுக்கு எழுகிறான் என்றால் இரண்டரை, பிறகு இரண்டு, எழுந்ததும் கொஞ்சம் வெயில். அவ்வளவுதான் இலக்கு. கல்லூரி, எதிர்காலம் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம்.

அப்பாவிடம் மனச்சோர்வு என்ற வார்த்தையோடு சண்டை போடாதீர்கள். சோம்பேறி வேலையிலிருந்து தப்பித்தால் சந்தோஷமாக இருப்பான், பிடித்ததையாவது செய்வான். இவன் பிடித்ததையும் விட்டுவிட்டான் இல்லையா, அதை மட்டும் காட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாம் பத்து முறை சொன்னது ஏறாத இடத்தில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முறை சொன்னால் ஏறும். நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

நீங்கள் வேறு ஊரில் இருப்பதைக் குற்றவுணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். போன் வேலை முழுவதையும் அங்கிருந்தே செய்ய முடியும், வீட்டில் அழுதுகொண்டிருக்கும் அம்மாவைவிட உங்களால் அதை நன்றாகவே செய்ய முடியும். முதல் சந்திப்புக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தப் பட்டியலை அவன் மெசேஜிலிருந்து அழித்துவிடுங்கள். நேரம் உறுதியான பிறகு ஒரே ஒரு செய்தி போதும்: "செவ்வாய் நாலு மணிக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன், நானும் வர்றேன், பிடிக்கலைன்னா பத்து நிமிஷத்துல எழுந்து வந்துடலாம்." பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டால் பத்து நிமிஷம்தான். அவன் எழுந்தால் நீங்களும் ஒன்றும் பேசாமல் எழுந்து அவன் கூடவே வெளியே வந்துவிடுங்கள், அடுத்த முறைக்கு அவன் உங்களை நம்ப வேண்டும்.